பீரோவில் பூட்டிய வைஃபை

அவருக்கு யார்மீதும் பொறாமை கிடையாது. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் தன் சகலையைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்குச் சற்று முன்பாக.

எடையளவு அலுவலகத்தில் இருபத்தாறு வருட வேலை. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிக்க வேண்டும். மரப்பெட்டியைத் திறந்து, பித்தளை எடைக்கற்களை மெல்லிய துணியால் பிடித்து எடுத்து, ஒவ்வொன்றாகத் தட்டில் வைப்பார். விரல் பட்டால் வியர்வையின் எடை சேர்ந்துவிடுமாம். தராசு சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லாவிட்டால் கடைக்காரரை ஒரு பார்வை பார்ப்பார். அபராதச் சீட்டைவிட அந்தப் பார்வைதான் கடுமை என்று கடைத்தெருவில் பேச்சு. அலுவலகத்தில் அவருக்கு 'முத்திரை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரை வாங்கியபோது அதற்கு ஒரு பெயர் கொடுக்கச் சொல்லித் திரை கேட்டது. அவரும் கூச்சப்படாமல் 'முத்திரை' என்றே கொடுத்தார்.

வீடு மாமனார் கட்டியது. கீழ்த்தளம் மூத்த பெண்ணுக்கு, மாடி இளையவளுக்கு. மூத்தவளைக் கட்டியவர் முத்திரை. இளையவளைக் கட்டியவர் ஒரு மெத்தைக் கடையின் மேலாளர். இரண்டு தளத்திலும் ஒரே மாதிரி அறைகள், ஒரே மாதிரி ஜன்னல்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே கட்டிய வீடு போலிருக்கும். முத்திரையும் ஒப்பிட்டார். மாடியில் சுவர் மெலிது என்பதால் அங்கே ஹால் நாலு விரற்கடை அகலம் அதிகம். மாடியில் காற்று வரும். கீழே கொசு வரும். மாடியில் குழந்தை இல்லை, கீழே ஒரு பெண் உண்டு. இந்த ஒரு விஷயத்தில்தான் தட்டு கீழ்ப்பக்கம் தாழ்ந்திருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெரிய மனது.

சகலையோ எதையும் அளக்காத ஆள். மெத்தையைக்கூட "படுத்துப் பாருங்க, உங்க முதுகு சொல்லும்" என்றுதான் விற்பார். வாங்க வந்தவர்களில் பாதிப்பேர் படுத்தவுடன் தூங்கிவிடுவார்களாம், இவர் போர்வை போர்த்திவிடுவாராம். இப்படிப்பட்ட ஒருவர் வாழ்க்கையில் முன்னுக்கு வந்தது எப்படி என்பது முத்திரைக்கு விளங்காத கணக்கு.

விஷயம் தொடங்கியது இன்டர்நெட் வந்தபோது. இரண்டு தளத்துக்கும் ஒரே நாளில், ஒரே கம்பெனியில், ஒரே திட்டத்தில் இணைப்பு. வேகம் நூறு என்று சீட்டில் போட்டிருந்தது. அன்று மாலையே சகலை படியில் நின்று குரல் கொடுத்தார்.

"சகலை! எனக்குத் தொண்ணூறு காட்டுதாம். உங்களுக்கு எவ்வளவு?"

முத்திரை தன் கம்ப்யூட்டரில் பார்த்தார். இருபத்திரண்டு.

"இருக்கு, இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வைஃபை பெட்டி முன் ஹாலில். கம்ப்யூட்டர் இரண்டு சுவர் தாண்டிப் பின்னறையில். சகலையோ பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேறு யாராவது என்றால் கம்ப்யூட்டரை ஹாலுக்கு நகர்த்தியிருப்பார்கள். முத்திரைக்குத் தோன்றியது வேறு. நூறு வர வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு என்றால் மிச்சம் எங்கே போகிறது? எடை குறைந்தால் எவனோ எடுக்கிறான் என்று அர்த்தம். இருபத்தாறு வருட அனுபவத்தில் இதற்கு அவர் விதிவிலக்குப் பார்த்ததில்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மகள் உள் அலங்கார வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்தாள். பாடமெல்லாம் வீடியோ, ஒவ்வொன்றும் மலை மலையாக இறக்க வேண்டும். கீழே அப்பாவின் கம்ப்யூட்டரில் ஒரு பாடம் இறங்குவதற்குள் மேலே நாலு இறங்கியது. முதல் வாரம் "பத்து நிமிஷத்துல வந்துடறேன்பா" என்று லேப்டாப்போடு மாடி ஏறினாள். இரண்டாம் வாரம் அங்கேயே சாப்பிட்டாள். மூன்றாம் வாரத்திலிருந்து சாயங்காலம் முழுக்க அங்கேதான். கூரை வழியாகச் சிரிப்புச் சத்தம் மட்டும் கீழே வரும். கான்கிரீட்டைத் தாண்டிச் சிரிப்பு வருகிறது, இன்டர்நெட் வரமாட்டேன் என்கிறதே என்று முத்திரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

படிப்பு முடிந்ததும் அவளுக்கு வேறு ஊரில் வேலை தயாராக இருந்தது. அதற்குமேல் இந்த வீட்டில் அவள் விருந்தாளிதான். மிச்சமிருந்த சாயங்காலங்களை அவர் எண்ணிவைத்திருந்தார். அவற்றை மாடியில் ஒருவர் செலவழித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இங்கயே உக்காந்து படிக்கலாமே."

"வேகம் வரட்டும்பா, வந்துடறேன். சரி, நம்ம வைஃபை பாஸ்வேர்ட் என்ன?"

அவர் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அடுத்த நிமிடம் மாடிக்குப் போய்விடும். "முதல்ல வேகம் வரட்டும்" என்றார். அவள் வேகம் வந்தால் வருவாள். இவர் வேகம் வந்தால் தருவார். வேகத்துக்கு வேறு வேலை இல்லையா, அது வரவில்லை.

பிறகுதான் அவர் பீரோவைப் பயன்படுத்தினார்.

பின்னறையில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே நின்ற கனமான இரும்பு பீரோ. உள்ளே குளிருக்கான போர்வைகள், வீட்டுப் பத்திரம், பழைய எடைக்கல் பெட்டி ஒன்று. நடுத்தட்டைக் காலி செய்து வைஃபை பெட்டியை உள்ளே வைத்தார். ஒயர் நுழையப் பின்பக்கம் துளை போட்டார். துளைக்கு ரப்பர் வளையமும் மாட்டினார், வேலை என்றால் வேலை. கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிக்னல் மேலே கசியாது.

"என்னங்க, நகையைக்கூட வெளில வச்சிருக்கோம், இதைப் போய்ப் பூட்றீங்க?" என்றாள் மனைவி.

"நகையை யாரும் சுவர் வழியா எடுக்க முடியாது."

வேகம் மூன்றுக்கு இறங்கியது. அவர் அசரவில்லை. அடுத்து கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். மறுமுனையில் இருந்த பெண் புது வார்த்தை கேட்டாள். முத்திரை ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில், ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் சேர்த்து வாசித்துவிட்டுச் சற்று நிறுத்தினாள்.

"சார்... 'மாடித் திருடன்', அப்புறம் ஒன்பது. கரெக்டா?"

"மெதுவா சொல்லும்மா."

இரண்டு நாள் கழித்து மகள் ஒரு விண்ணப்பத்தை அச்செடுக்க அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். ஏதேதோ தட்டினாள். "என்னப்பா இது, நகரவே மாட்டேங்குது" என்றாள். இன்னும் ஏதோ தட்டினாள். "சரி பண்ணிட்டேன்" என்று எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அன்று மாலை அளந்தபோது வேகம் எட்டு.

மூன்று எட்டாகிவிட்டது! பூட்டு வேலை செய்கிறது, பாஸ்வேர்ட் வேலை செய்கிறது, திருட்டுக் குறைந்திருக்கிறது. முத்திரை ஒரு நீள நோட்டு வாங்கிக் கட்டம் போட்டார். காலை ஆறு, மாலை ஆறு, இரவு எட்டு என்று தினம் மூன்று அளவு. எட்டு, ஏழரை, எட்டு. மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றினார். திருடன் அப்படியேதான் இருப்பான், கடைசி எண் மட்டும் மாறும். ஒவ்வொரு முறை மாற்றிய பிறகும் அவருடைய கம்ப்யூட்டர் புதுப் பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லை. வீட்டு ஆளை வீட்டு யந்திரத்துக்குத் தெரியாதா என்று அவருக்கு அதில் சிறு பெருமைகூட உண்டு. தினமும் பீரோவைத் திறந்து பார்ப்பார். பெட்டி போர்வைகளுக்கு நடுவே பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

இப்படி ஐந்து மாதம். மகள் கிளம்ப இன்னும் எட்டே வாரம் இருந்தபோது, முத்திரை நோட்டையும் இணைத்துக் கம்பெனிக்குப் புகார் அனுப்பினார். பதினாறு பக்கம். ஒரு சனிக்கிழமை மதியம் டெக்னீஷியன் வந்தாள். தோளில் பை, காதோரம் பென்சில், முப்பது வயதிருக்கும். தவறி மாடி மணியை அடித்துவிட்டதால் சகலையே அவளைக் கீழே கூட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மகளும் வந்தாள்.

"வாங்க சகலை" என்றார் முத்திரை. போங்க என்று சொல்ல வாய்ப்பில்லாத இடத்தில் அவர் எப்போதும் சொல்லும் வார்த்தை அது.

"பாக்ஸ் எங்க சார்?" என்றாள் டெக்னீஷியன்.

முத்திரை சட்டைப் பையைத் தொட்டார். "பாக்ஸைப் பாத்தாகணுமா?"

"டாக்டர்கிட்ட வந்துட்டு நாக்கை நீட்டமாட்டேன்னா எப்படி சார்?"

சாவி திரும்பியது. கதவு கிறீச்சிட்டது. போர்வைகளுக்கு நடுவே பச்சை விளக்கு. டெக்னீஷியன் ஒரு போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"குளிருமேன்னு வச்சீங்களா சார்?"

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

டெக்னீஷியன் தன் லேப்டாப்பில் ஒரு ஒயரைச் செருகி நேரே பெட்டியில் மாட்டினாள். தொண்ணூற்று நாலு. "லைன்ல ஒரு குறையும் இல்ல. சுத்தி இரும்பு வச்சா சிக்னல் எப்படி சார் வெளிய வரும்?" என்று பெட்டியைத் தூக்கி பீரோவின் தலைமேல் வைத்தாள். "இப்ப உங்க கம்ப்யூட்டர்ல பாருங்க."

பார்த்தார்கள். எட்டு.

முத்திரையின் முகம் மலர்ந்தது. ஐந்து மாதமாக இந்த ஒரு நொடிக்காகத்தான் அவர் காத்திருந்தார். "பாத்தீங்களா? வெளில வச்சாலும் எட்டு. யாரோ எடுக்கறாங்கம்மா. நான் யாரையும் சொல்லல" என்று சொல்லி, யாரையும் பார்க்காமல் சகலையைப் பார்த்தார்.

டெக்னீஷியன் திரையின் மூலையைச் சொடுக்கினாள். பெட்டியடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். மறுபடி திரை. மறுபடி சீட்டு.

"சார், உங்க கம்ப்யூட்டர் உங்க வைஃபைலயே இல்ல. உங்க வைஃபை பேரு இருபத்தொம்பதுல முடியுது. இது அறுபத்து மூணு. யாரோடது இது?"

கதவோரம் நின்ற சகலை கையைத் தூக்கினார், வகுப்பில் வருகை சொல்வதுபோல. "எங்களோடது."

"அய்யோ, அது நான் பண்ணதுப்பா!" என்றாள் மகள். "அன்னிக்கு பிரின்ட் எடுக்க முடியல, சித்தப்பாவோட வைஃபைல போட்டேன். நீங்க திருப்பி மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

முத்திரைக்கு நோட்டு ஞாபகம் வந்தது. நூற்றைம்பது நாள், நானூற்றைம்பது அளவு. எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார், தராசு யாருடையது என்று பார்க்கவில்லை. மாடியிலிருந்து கூரை வழியாகக் கசிந்ததை ஐந்து மாதமாகக் குடித்துவிட்டு, குறைவாக இருக்கிறது என்று பதினாறு பக்கம் புகாரும் எழுதியிருக்கிறார்.

"சகலை, உங்களுக்கு... தெரியுமா?"

"தெரியும். என் போன்ல யாரெல்லாம் சேந்திருக்காங்கன்னு காட்டும். 'முத்திரை'ன்னு வரும். நம்ம சகலைதானேன்னு விட்டுட்டேன்." சகலை மெத்தை விற்கும் குரலிலேயே தொடர்ந்தார். "காலைல ஆறு, சாயங்காலம் ஆறு, ராத்திரி எட்டு, இந்த மூணு வேளையும் நீங்க ஏதோ முக்கியமா பண்றீங்கன்னு தெரிஞ்சுது. அந்த நேரத்துல நாங்க டிவில படம் ஓடினாக்கூட நிறுத்திடுவோம்."

ஒருவனை வெறுக்க வேண்டுமென்றால் அவன் இப்படியெல்லாம் செய்யக் கூடாது. அது அநியாயம். நல்லவனாக இருப்பதிலும் இவன்தானா முந்த வேண்டும்?

ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று வந்துகொண்டிருந்தது.

"சரி, உங்க வைஃபைல மாத்திடறேன். பாஸ்வேர்ட் சொல்லுங்க சார்" என்றாள் டெக்னீஷியன்.

"நானே அடிக்கறேன்."

ஒற்றை விரலால் அடித்தார். திரையில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக நின்றன. தவறு என்றது கம்ப்யூட்டர். மறுபடி அடித்தார். வேர்த்தது. மறுபடி தவறு.

"கடைசி நம்பர் எதுவோ மாறுது போல. நீங்க அடிக்கறது தெரிஞ்சாத்தானே சார்" என்று டெக்னீஷியன் குனிந்து, புள்ளிகளின் ஓரத்தில் இருந்த கண் படத்தை அழுத்திவிட்டாள்.

புள்ளிகள் கலைந்து எழுத்துகளாயின. நால்வரும் வாசித்தார்கள். சகலை மட்டும் வாய்விட்டு, ஒவ்வொரு எழுத்தாக.

"மா... டித்... திரு... டன். பதிமூணு."

பீரோ மேல் பச்சை விளக்கு சிமிட்டியது. மகள் இப்போது சிரிக்கவில்லை.

"பதினாலு" என்றார் முத்திரை. "போன வாரம் மாத்தினேன்."

டெக்னீஷியன் கடைசி எண்ணைத் திருத்தினாள். இணைப்புக் கிடைத்தது. தொண்ணூற்று இரண்டு. ஐந்து மாதமாக ஏங்கிய எண் திரையில் நின்றது, பார்ப்பதற்கு ஆளில்லை. சகலை "கடைல வேலை இருக்கு" என்று படியேறினார். கடை இருப்பது தெருவில், மாடியில் அல்ல. மகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். கடைக்காரர்களை அவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பெற்ற பெண்ணுக்கு அது அப்படியே வந்திருந்தது. பிறகு அவளும் மேலே போய்விட்டாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு அவர் அளக்கவில்லை. கூரையிலிருந்து சிரிப்பும் வரவில்லை.

"வேகம் வந்துடுச்சு, சந்தோஷமா?" என்றாள் மனைவி. "என் தங்கச்சி புருஷனைத் திருடன்னு எழுதி வச்சிருக்கீங்க. நல்லவேளை, உங்க மாமனாருக்குப் பட்டம் ஒண்ணும் குடுக்கலையே?"

"யோசிக்கல."

"போய்ப் பேசிட்டு வாங்க. அதுவரைக்கும் எங்கிட்ட பேசாதீங்க."

பதினேழு படி. ஏறும்போது எண்ணினார், பழக்கதோஷம். மாடிக் கதவு திறந்தே இருந்தது. மகள் சித்தியோடு சமையலறையில் ஏதோ கழுவிக்கொண்டிருந்தாள், குழாய்ச் சத்தம் கேட்டது. சகலை ஹாலில் வைஃபை பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் ஒரு நாள்காட்டி. அதில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அதற்கு முந்தைய நாட்களில் ஒவ்வொன்றாகக் குறுக்குக் கோடு விழுந்துகொண்டு வந்திருந்தது. அந்தத் தேதி முத்திரைக்குத் தெரியும். மகள் கிளம்பும் நாள்.

அவர் மனதுக்குள் தயாரித்துக்கொண்டு வந்த வாக்கியம் மறந்துபோயிற்று. "சகலை, அந்தப் பாஸ்வேர்ட்..."

"சரியாத்தான் வச்சிருக்கீங்க" என்றார் சகலை.

"இல்ல சகலை, கோவத்துல..."

"நான் சொல்றதைக் கேளுங்க. உங்க கம்ப்யூட்டர் எங்க வைஃபைல இருக்குன்னு மொதல் நாளே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே சரியாயிருக்கும். ஏன் சொல்லலைன்னு நெனைக்கறீங்க? பெருந்தன்மையா?" சகலை குரலைத் தணித்துக்கொண்டார். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. "உங்க வேகம் சரியாயிட்டா அவ கீழயே உக்காந்துடுவா. உங்களுக்கென்ன, உங்க பொண்ணு. எங்க போனாலும் 'அப்பா'ன்னு உங்களுக்குத்தான் போன் பண்ணுவா. எங்களுக்கு இந்த அஞ்சு மாசம்தான். அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். சாயங்காலமானா உங்க வீட்டு வெளிச்சத்தைப் பாத்தாலே எனக்கு ஆகாது, தெரியுமா?"

முத்திரைக்குள் விநோதமான ஒன்று நடந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து வருடமாக இந்த மனிதரைப் பார்த்து அவர் வயிறெரிந்திருக்கிறார். இந்த மனிதர் தன்னைப் பார்த்து வயிறெரிய முடியும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆசாமி திருட்டை ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குப் பதிலாக, சோதித்த தராசில் இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் வந்து நின்றால் வருமே, அந்த நிம்மதிதான் வந்தது. அவர் நாலு விரற்கடை அதிகமுள்ள அந்த ஹாலில், ஐந்து மாதத்தில் முதல்முறையாக, உட்கார்ந்தார்.

"நாற்காலி நல்லா இருக்கே" என்றார்.

"மெத்தை நம்ம கடைது."

மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சண்டையா, சமாதானமா?"

"அளந்துட்டு இருக்கோம்" என்றார் சகலை.

"எனக்கு ரெண்டு பேரையும் தெரியும். நானே சொல்லிடறேன். நாளைலேந்து ஏழரை வரைக்கும் கீழ. அங்க டவுன்லோட் பண்ணி, அங்கயே படிப்பேன். ஏழரைக்கு மேல இங்க. யாரும் இன்னொருத்தர் வீட்டு வேகத்தைப் பத்திப் பேசக் கூடாது." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "பாஸ்வேர்டை மாத்துங்க."

"வேண்டாம்" என்றார் சகலை. "மறக்காம இருக்கும். பதினாலுதானே?"

மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. சாயங்காலம் அவள் பீரோவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். காதில் ஹெட்போன், முகம் திரையில், முதுகு அப்பாவுக்கு. இந்த முதுகுக்காகவா இத்தனை பாடு என்று யாராவது கேட்கலாம். முத்திரை கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எடைக்கற்களைத் துடைத்தார்.

ஏழரைக்கு அவள் லேப்டாப்பை மூடிக்கொண்டு மாடி ஏறினாள். அவர் சரியாக மூன்று நிமிடம் பொறுத்தார். பிறகு நீள நோட்டை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டினார்.

"எங்க?" என்றாள் மனைவி.

"மேல தொண்ணூத்து மூணு காட்டுதாம். நமக்குத் தொண்ணூத்திரண்டுதான். நேர்ல போய் அளந்து பாத்தாத்தான் தெரியும்."

மாடியில் படச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் படியேறும் சத்தம் கேட்டதும் அது நின்றது.